முதல் உருவத்துக்கு எந்த பாலிமர் க்ளே?

சிறு உருவங்கள் செய்யப் பழகுகிறவர் முதலில் வாங்க வேண்டியது ஸ்கல்பி பிரீமோ என்ற பாலிமர் க்ளேயில் 57 கிராம் கட்டி மூன்று. வெள்ளை இரண்டு, பிடித்த அடர்நிறம் ஒன்று. கூடவே ஓவனுக்குள் வைக்கும் வெப்பமானி ஒன்று. முப்பது வண்ணப் பெட்டியும் இருபது கருவிகள் அடங்கிய பையும் பிறகு வரட்டும். வண்ணப் பெட்டிகளில் ஒவ்வொரு நிறமும் சிறு துண்டாகத்தான் இருக்கும். எந்த நிறத்திலும் ஒரு உடம்பை உருட்டப் போதாது. வெள்ளையில் செய்து, சுட்ட பிறகு அக்ரிலிக் வண்ணம் தீட்டினால் உருவத்தின் வடிவத்தில் மட்டும் கவனம் நிற்கும். பழகும் காலத்தில் அதுதான் தேவை.

எந்த க்ளேயைப் பற்றிய விமரிசனத்தைப் படித்தாலும் "காது உடைந்தது", "முதுகில் விரிசல்", "சுட்டும் கடினமாகவில்லை" என்ற மூன்று புகார்கள் வராமல் இருக்காது. இவற்றில் பெரும்பகுதி க்ளேயின் குறை அல்ல. ஓவனின் குமிழில் 130 டிகிரி செல்சியஸ் என்று காட்டும்போது உள்ளே 110 இருக்கலாம், 155-உம் இருக்கலாம். ஆகவே இங்கே ஒவ்வொரு க்ளேயையும் இரண்டு விதமாகப் பார்க்கிறோம்: கையில் எப்படி நடந்துகொள்கிறது, பழகாத ஒருவரின் ஓவனை எவ்வளவு தாங்குகிறது.

பாலிமர் க்ளே பெயரில்தான் களிமண்; உள்ளே மண்ணின் குணம் எதுவும் கிடையாது. பி.வி.சி. பிளாஸ்டிக்கின் நுண்துகள்களைப் பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெய் போன்ற திரவத்தில் குழைத்து, நிறமியும் நிரப்புப் பொருளும் சேர்த்தது. காற்றில் உலராது. சூடு பட்டால் துகள்கள் அந்தத் திரவத்தை உறிஞ்சிப் பருத்து ஒன்றோடொன்று இணைகின்றன. இணைவு பாதியில் நின்றால், வெளியே கல் போலத் தெரியும் பொம்மை தட்டினாலே உதிரும். வெயில் விழும் ஜன்னலோரத்திலோ நிறுத்தி வைத்த காருக்குள்ளோ கிடந்த கட்டி, பிரிக்கும் முன்பே கொஞ்சம் வெந்திருக்கும். அதை எவ்வளவு பிசைந்தாலும் பொடிப்பொடியாகவே நிற்கும். கடையில் உறையின் மேலேயே கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். சிறிதாவது பள்ளம் விழ வேண்டும்.

கையில் எப்படி?

ஸ்கல்பி 3. வண்ணப் பெட்டிகளில் அதிகம் கிடைப்பது இதுதான். உறையைப் பிரித்து ஓரிரு நிமிடம் பிசைந்தாலே பதம் வந்துவிடும். உருண்டை உருட்டவும் அச்சில் அழுத்தவும் இதமாக இருக்கும். சிக்கல், வேலை நீளும்போது வருகிறது. கைச்சூட்டில் மேலும் இளகி, காதை ஒட்டுவதற்குள் கால் நசுங்கும். மூக்கைத் திருத்தினால் கன்னத்தில் ரேகை பதியும். சுட்டபின் தடித்த பகுதிகள் நன்றாகவே இருக்கும். ஆனால் 3 மி.மீ.க்கும் குறைவான வால், விரல், பூவிதழ் எல்லாம் வளைய மறுத்து முறியும். இது ஓவனைச் சரிசெய்தாலும் மாறாத குணம். வெளிர் நிறங்கள் சற்றுச் சூடு மிஞ்சினாலே பழுப்பேறும். குண்டான சிறு உருவங்களுக்கும் குழந்தைகளோடு சேர்ந்து செய்வதற்கும் ஏற்றது. மெல்லிய கால் உள்ள எதற்கும் வேண்டாம்.

பிரீமோ. ஸ்கல்பி 3-ஐச் செய்யும் அதே பாலிஃபார்ம் நிறுவனத்தின் தயாரிப்பு. மூன்று நான்கு நிமிடம் கூடுதலாகப் பிசைய வேண்டும். அந்த உழைப்புக்குப் பலன் உண்டு. ஊசியால் இழுத்த கோடு இழுத்தபடி நிற்கிறது, விளிம்பு மழுங்குவதில்லை. சரியாகச் சுட்ட 2 மி.மீ. பட்டையை வில் போல வளைத்து விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும். பழகுகிறவரின் பொம்மை மேசையிலிருந்து ஒரு முறையாவது விழும் என்பதால் இந்த ஒரு குணத்துக்கே முதல் இடம் கொடுக்கலாம். குறையும் உண்டு. புதிதாக வந்த சில கட்டிகள் விரலில் ஒட்டுமளவு இளக்கமாக இருக்கின்றன. அப்போது 3 மி.மீ. தகடாகத் தட்டி, இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவில் வைத்து, மேலே ஒரு கனமான புத்தகத்தை ஏற்றிவிடுங்கள். தாளில் எண்ணெய்க் கறை படரும். அது மிகையான பிளாஸ்டிசைசர். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்துப் பிசைந்து பார்த்து, பதம் வந்ததும் நிறுத்திவிட வேண்டும். இரவு முழுக்க மறந்துவிட்டால் பொருபொருத்துப் போகும்.

ஃபிமோ, ஜெர்மனியின் ஸ்டேட்லர் தயாரிப்பு. சாஃப்ட் என்று பெயர் இருந்தாலும் ஃபிமோ சாஃப்ட், ஸ்கல்பி 3-ஐவிடக் கெட்டி. பிரீமோ கிடைக்காத இடத்தில் தயங்காமல் இதை எடுக்கலாம். ஃபிமோ புரொஃபஷனல் 85 கிராம் கட்டியாக வருகிறது; இன்னும் இறுக்கம், நுணுக்கமான செதுக்கலுக்குச் சிறப்பு, நிறங்களைக் கலந்தால் கலங்காமல் வரும். விரல் வலுவில்லாதவருக்குப் பிசைவதே பெரிய வேலையாகிவிடும். இரண்டையும் 110 டிகிரியில் 30 நிமிடம் சுடச் சொல்கிறது உறை. பிரீமோவுக்கு 130 டிகிரி; இந்த 20 டிகிரி வித்தியாசத்தைக் கவனிக்காமல், ஒரே தட்டில் பிரீமோவோடு ஃபிமோவையும் வைத்துச் சுட்டால் ஒன்று வேகாமல் போகும், அல்லது மற்றொன்று நிறம் மாறும்.

செர்னிட் சுட்டபின் பீங்கான் போன்ற மெல்லிய ஊடொளியும் (ஒளி சற்று ஊடுருவும் தன்மை) நல்ல வலிமையும் தரும். பொம்மை முகம் செய்பவர்கள் இதை விரும்புவதில் வியப்பில்லை. ஆனால் கைச்சூட்டுக்குச் சட்டென்று இளகும். அவ்வப்போது சில நிமிடம் குளிர்பெட்டியில் வைத்து எடுக்கத் தெரிய வேண்டும். இரண்டாவது ஆண்டுக்கான க்ளே இது.

கேட்டோ பாலிக்ளே, டோனா கேட்டோ என்ற கலைஞரோடு சேர்ந்து உருவாக்கப்பட்டது. வலிமை மிக அதிகம். 150 டிகிரி வரை சுடலாம். நீளக் கட்டையாக அடுக்கி, குறுக்கே அறுத்து அலங்காரத் துண்டுகள் எடுப்பவர்களுக்கு இதற்கு நிகர் குறைவு. உருவம் செய்யப் பழகுகிறவருக்கு அதன் கடினமும் சுடும்போது எழும் வாடையும் தேவையில்லாத பாரம்.

சூப்பர் ஸ்கல்பியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மனித முகம், விலங்கு, கற்பனை உயிர்கள் என்று உண்மையான சிற்ப வேலையில் இறங்க விரும்புகிறவர் கடைசியில் வந்து நிற்பது இங்கேதான். 454 கிராம் பெட்டி. கட்டிக்கட்டியாக வாங்குவதைவிடச் சிக்கனம். பதமும் உறுதியும் நடுத்தரம். இதன் தோல்நிறம் சற்று ஊடொளி கொண்டது என்பதால், நீங்கள் செதுக்கிய கண்ணிமையின் நிழல் கண்ணுக்குச் சரியாகப் புலப்படாது. பழகாதவர் இமை ஆழமாக இல்லை என்று நினைத்து மேலும் மேலும் தோண்டுவார். வண்ணம் தீட்டிய பிறகுதான் கண் குழிவிழுந்து கிடப்பது தெரியும். சாம்பல் நிறத்தில் வரும் சூப்பர் ஸ்கல்பி ஃபர்ம், நிழலைத் தெளிவாகக் காட்டும். ஆனால் கல் போல இறுக்கம். இரண்டையும் பாதிக்குப் பாதி பிசைந்து கலப்பதே சிறந்த வழி. இளக்கமும் உறுதியும் சமமாகி, நிறமும் நிழல் தெரியும் அளவுக்கு மங்கும். தோல்நிறத்தை மட்டும் தனியாகச் சுட்டால் உள்ளே பிறை வடிவ வெளிறிய திட்டுகள் தோன்றலாம். உள்ளே சிக்கிய காற்றும் ஈரமுமே காரணமாகச் சொல்லப்படுகின்றன. ஈரக் கையோடு பிசையாமல் இருப்பதும் மடித்து மடித்துக் காற்றை அடைக்காமல் இருப்பதும் அதைக் குறைக்கும். எப்படியும் வண்ணம் தீட்டப்போகிற உருவத்துக்கு அது பொருட்டில்லை.

கருவிப் பை

இருபது கருவிகள் கொண்ட பையில் உருவம் செய்யத் தேவைப்படுவது நான்குதான்: கூரான ஊசி, முனையில் குண்டு உள்ள கம்பி (2 மி.மீ., 5 மி.மீ. என இரு அளவு), மெல்லிய நீளமான கத்தி அலகு, சிலிக்கான் முனைத் தூரிகை. கடைசியாகச் சொன்னதை மட்டும் நல்லதாக வாங்குங்கள். ஒட்டிய இடத்தின் கோட்டை மறைப்பது அதுதான், மரக்கருவிகளால் அது நடக்காது. மீதிக்கு டூத்பிக், பழைய பல் துலக்கி, கசக்கிய அலுமினியம் ஃபாயில் போதும். கசக்கிய ஃபாயிலை மெதுவாக ஒற்றினால் கல், தோல், மரப்பட்டை எல்லாவற்றின் சொரசொரப்பும் கிடைக்கும்.

வேலை செய்யும் தளம் வழுவழுப்பான பீங்கான் ஓடாக இருக்கட்டும். செய்த உருவத்தைப் பெயர்த்தெடுக்காமல் ஓட்டோடு ஓவனில் வைக்கலாம். வார்னிஷ் பூசிய மேசையில் சுடாத க்ளேயை வைத்துவிட்டுப் போனால் பிளாஸ்டிசைசர் அந்தப் பூச்சை அரித்துத் தடம் பதிக்கும். சேமிப்புப் பெட்டிக்கும் இதே விதி. பெட்டியின் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருந்தால் பாலிப்ரொப்பிலீன், பயமில்லை. 6 என்று இருந்தால் பாலிஸ்டைரீன். க்ளே அதோடு ஒட்டி உருகும்.

ஒரு கட்டியில் ஒரு பூனை

உட்கார்ந்த பூனை நல்ல முதல் பாடம். கால்கள் உடம்போடு ஒட்டியிருப்பதால் கம்பி தேவையில்லை. முகம், காது, வால் மூன்றிலும் மூன்று விதமான சிக்கல்கள் வரும்.

57 கிராம் கட்டியை எட்டுத் துண்டாக அறுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே பிசைந்து பிறகு சேருங்கள். மொத்தமாக 5 முதல் 10 நிமிடம். ஒரு தகட்டை மடித்துப் பாருங்கள்: மடிப்பில் வெடிப்பு தெரிந்தால் பதம் வரவில்லை. பழைய கட்டி பொடிந்தால் மினரல் ஆயில் ஒரு சொட்டு விட்டு மறுபடி பிசையலாம். ஒரு சொட்டு என்றால் ஒன்றுதான். இரண்டாவது தேவையா என்று ஐந்து நிமிடம் கழித்து முடிவு செய்யுங்கள். வெள்ளையைத் தொடும் முன் கையை ஈரத் துடைப்பானால் துடைத்து நன்கு உலர விட வேண்டும். உடுப்பின் நூலிழையெல்லாம் அதில்தான் வந்து ஒட்டும்.

அலுமினியம் ஃபாயிலைக் கசக்கி, தரையில் உருட்டி, கரண்டியின் பின்புறத்தால் தட்டித் தட்டி 3 செ.மீ. விட்டமுள்ள இறுகிய முட்டையாக்குங்கள். விரலால் அழுத்தினால் அமுங்கக் கூடாது. தளர்வான ஃபாயிலுக்குள் இருக்கும் காற்று சூட்டில் விரிந்து மேல்தோலைப் பிளக்கும். முதுகு விரிசல்களில் பலவற்றுக்குத் தொடக்கம் இந்த இடம்தான். ஃபாயிலின் மேல் 5 மி.மீ. தடிமனில் க்ளேயைப் போர்த்துங்கள். எங்கும் ஒரே தடிமன் என்பதால் எங்கும் ஒரே சீராக வேகும். ஃபாயில் இல்லாமல் இதே உடம்பைச் செய்தால் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு க்ளே செலவாகும், நடுப்பகுதியும் சரியாக வேகாது. தோலில் எங்காவது கொப்புளம் எழும்பினால் ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்றி, பக்கத்திலிருந்து தடவி மூடுங்கள்.

தலை 22 மி.மீ. உருண்டை. கழுத்தில் 2 செ.மீ. நீளக் கம்பித் துண்டைப் பாதி உடம்பிலும் பாதி தலையிலும் செருகுங்கள். க்ளே உலோகத்தோடு ஒட்டாது. ஆகவே கம்பியை முறுக்கி, திரவ பாலிமர் க்ளே (பசை போலத் தடவும் கூழ் வடிவ க்ளே) தடவிச் செருக வேண்டும். பிறகு தலைக்கும் உடம்புக்கும் இடைப்பட்ட கோட்டைச் சிலிக்கான் முனையால் மேலும் கீழும் இழுத்து இரண்டையும் ஒன்றாக்குங்கள். தொட்டு வைத்தால் ஒட்டியது போலத்தான் இருக்கும், சுட்டதும் கழன்று விழும். காதும் வாலும் அப்படியே. காதின் அடிப்பகுதி 3 மி.மீ.க்குக் குறையாமல், நுனி மட்டும் மெலிந்து இருக்கட்டும். வாலைக் காற்றில் தூக்கி நிறுத்தாமல் உடம்பைச் சுற்றிப் படிய விடுங்கள்.

கண்ணுக்குக் கண்ணாடி மணி வைக்கலாம்; பிளாஸ்டிக் மணி ஓவனில் உருகும். கறுப்பு க்ளேயில் 3 மி.மீ. மணிகளை முதலில் தனியே சுட்டு வைத்துக்கொண்டு, இன்னும் சுடாத முகத்தில் பதிப்பது இன்னும் நல்லது. கெட்டியான கண்ணைச் சுற்றி இமையை அழுத்தும்போது கண் நசுங்காது.

ரேகைகளைப் போக்க, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் தொட்ட மென்தூரிகையை ஒரே ஒரு முறை ஓட்டுங்கள். தோலின் மேற்பரப்பு லேசாகக் கரைந்து சமமாகும். நனைய நனையத் தேய்த்தால் பிசுபிசுத்து, இருந்த நுணுக்கமும் போய்விடும். சுடும் முன் பத்து நிமிடம் உலர விட வேண்டும்.

ஓவன்

இங்கே அவசரம் கூடாது. வெப்பமானியை உருவம் நிற்கும் உயரத்திலேயே, அதன் பக்கத்தில் வையுங்கள். ஓவனைக் காலியாக ஓட்டி, அளவு 20 நிமிடம் நிலைத்து நிற்கிறதா என்று பார்த்த பிறகே உருவத்தை உள்ளே வைக்க வேண்டும். சிறிய ஓவன்களில் சூட்டுக் கம்பி எரிந்து அணையும் ஒவ்வொரு முறையும் வெப்பம் குபீரென ஏறி இறங்கும். கம்பிக்கு நெருக்கமான காது நுனி முதலில் கருகும். அதற்கு, ஃபாயிலால் கூடாரம் போல மூடி, ஓரங்களை ஓட்டோடு மடித்துவிடுங்கள். ஃபாயில் உருவத்தைத் தொடக் கூடாது. அடியில் பீங்கான் ஓடு இருந்தால் அது வெப்பத்தை வாங்கி வைத்து ஏற்ற இறக்கத்தைத் தணிக்கும். ஓட்டுக்கும் உருவத்துக்கும் நடுவே ஒரு வெள்ளைத் தாள் இட்டால் அடிப்பாகத்தில் பளபளப்புத் திட்டு விழாது. மைக்ரோவேவில் வைப்பது கூடவே கூடாது.

பிரீமோவுக்கு 130 டிகிரி, 6 மி.மீ. தடிமனுக்கு 30 நிமிடம். ஸ்கல்பி 3-க்கும் சூப்பர் ஸ்கல்பிக்கும் அதே சூட்டில் 6 மி.மீ.க்கு 15 நிமிடம். நம் பூனையின் தலை உள்ளே ஃபாயில் இல்லாத 22 மி.மீ. உருண்டை. ஆகவே ஒரு மணி நேரம் வைப்பதில் தவறில்லை. சரியான சூட்டில் நேரம் கூடினால் க்ளே கெடாது, இன்னும் உறுதியாகும். கெடுப்பது சூட்டின் மிகைதான். இதை உணராதவர்கள், "சீக்கிரம் ஆகட்டும்" என்று சூட்டை ஏற்றுவார்கள், "கருகிவிடும்" என்று நேரத்தைக் குறைப்பார்கள். இரண்டும் தலைகீழ்.

சுட்டு முடிந்ததும் உருவம் ரப்பர் போலத் துவளும். அது வேகாததன் அடையாளம் அல்ல. எல்லா பாலிமர் க்ளேயும் சூடாக இருக்கும்போது அப்படித்தான். அதைப் பார்த்துச் சூட்டை ஏற்றிவிடாதீர்கள். ஓவனை அணைத்து, கதவைச் சிறிது திறந்து, உள்ளேயே ஆற விடுங்கள். சடாரென்று குளிர்ந்தால் தலை போன்ற தடித்த பகுதியில் வெடிப்பு வரலாம்.

ஒவ்வொரு சுடலிலும் அதே க்ளேயில் 2 மி.மீ. தடிமன், 1 செ.மீ. அகலத்தில் ஒரு பட்டையைப் பூனைக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். ஆறியதும் அதை வளையுங்கள். வளைந்தால் நல்லது. சுத்தமாக முறிந்தால் சூடோ நேரமோ போதவில்லை. பூனையையும் சேர்த்து மீண்டும் சுடலாம், கெடுதல் இல்லை. "இந்த க்ளே சரியில்லை" என்று எழுதும் முன் இந்தப் பட்டையைக் கேட்டுவிட வேண்டும். ஸ்கல்பி 3 மட்டும் இதற்கு விலக்கு. நன்றாக வெந்தாலும் அது அதிகம் வளையாது.

சூடு 175 டிகிரியைத் தாண்டினால் பி.வி.சி. சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரத் தொடங்கும். புகையோ மூக்கைக் குத்தும் நெடியோ தெரிந்த மறுகணம் ஓவனை அணைத்து, ஜன்னல்களைத் திறந்து, குழந்தைகளையும் வளர்ப்புப் பிராணிகளையும் அழைத்துக்கொண்டு அறையை விட்டு வெளியேறுங்கள். ஓவனை அப்போதே திறந்து பார்க்க வேண்டாம். க்ளேக்குப் பயன்படுத்திய அலகு, கரண்டி, தட்டு எதுவும் சமையலுக்குத் திரும்பக் கூடாது. சுட்ட க்ளேயில் உணவு வைக்கவும் கூடாது.

சுட்ட பிறகு

முதுகில் விரிசல் விட்டால் வருந்த வேண்டாம். திரவ க்ளேயை விரிசலுக்குள் செலுத்தி, அதே நிற க்ளேயைத் திணித்து, சமப்படுத்தி மீண்டும் சுடுங்கள். எத்தனை முறையும் சுடலாம் என்பது இந்தப் பொருளின் பெரிய கருணை.

தேய்ப்பதானால் தண்ணீரில் நனைத்தே தேய்க்க வேண்டும். உலரத் தேய்த்தால் பிளாஸ்டிக் தூசி மூச்சில் போகும். உப்புத்தாள் 400 எண்ணில் தொடங்கி 600, 800, 1000 என்று ஏறலாம். வண்ணத்துக்கு, தண்ணீரில் கரையும் அக்ரிலிக். முதல் பூச்சுக்கு முன் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து எண்ணெய்ப் பசையை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் வண்ணம் முத்து முத்தாக ஒதுங்கும்.

பளபளப்புக்காக நகப்பூச்சு அடிப்பவர்கள் உண்டு. முதல் நாள் கண்ணாடி போல இருக்கும். நகப்பூச்சின் கரைப்பான் பி.வி.சி.யோடு வினைபுரிவதால் நாளடைவில் பிசுபிசுத்து, தூசியெல்லாம் படியும். எடுத்துச் சீராக்கவும் முடியாது. கரைப்பான் கலந்த பல ஸ்ப்ரே வார்னிஷ்களும் அப்படியே. தண்ணீர் அடிப்படையிலான பாலியூரித்தேன் வார்னிஷை மெல்லிய இரண்டு பூச்சாக, ஒன்று நன்கு உலர்ந்த பிறகு மற்றொன்று அடியுங்கள். கண்ணுக்கு மட்டும் மூன்றாவது பூச்சு ஒரு சொட்டு வைத்தால், பூனை பார்ப்பது தெரியும்.